தோடர் சால்வையைப் பார்க்க மலை ஏறினோம்

மே மாதம் ஊட்டிக்குப் போகிறவர்கள் குளிருக்காகப் போவார்கள், மலர்க் கண்காட்சிக்காகப் போவார்கள். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

சிறுமுகையில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தறி வைத்திருக்கிறது. நான் நெய்வதில்லை, சேலைக்கு டிசைன் போடுகிறேன். முன்பு கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக நிரப்பினேன், இப்போது கணினியில் நிரப்புகிறேன். அதைப் பார்த்து, தறியில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று துளைகளால் சொல்லும் ஜக்கார்டு அட்டையை வெட்டுவார்கள். கோடை தொடங்கும்போது ஒரு வியாபாரி வந்து ஒரு கைப்பையை மேசை மேல் வைத்தார். வெள்ளைத் துணி, அதில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகப் பூவேலை. நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் தங்கள் சால்வையில் போடுவது போன்ற பூவேலை. “இதை அப்படியே பட்டுச் சேலையின் பார்டரில் கொண்டுவர முடியுமா? தோடா பார்டர் என்று பெயர் வைத்தால் நன்றாக விற்கும்” என்றார்.

பையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு அடியில் காகிதம் போன்ற ஒட்டு இருந்தது. இயந்திரத்தில் தைத்தவர்கள் துணி சுருங்காமல் இருக்கக் கொடுக்கும் ஒட்டு அது. அவர் கொண்டுவந்ததே ஒரு நகல். அந்த நகலுக்கு என்னை இன்னொரு நகல் எடுக்கச் சொன்னார். அசலைப் பார்க்காமல் முடியும் என்றோ முடியாது என்றோ சொல்ல எனக்கு விருப்பமில்லை. “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று அனுப்பினேன்.

உடன் வர அத்தையைக் கூப்பிட்டேன். அப்பாவின் தங்கை. முழங்கால் வலி வந்து தறிக்குழியில் இறங்க முடியாமல் போகும்வரை நெய்தவர். துணியைக் கையில் எடுத்தால் முதலில் இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார், பிறகு வெளிச்சத்தில் பிடிப்பார், அதன் பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேசுவார். எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கை. காரை ஓட்டத் தம்பி வந்தான்.

அக்னி நட்சத்திர நாட்களில் மேட்டுப்பாளையத்தில் காலை எட்டு மணிக்கே கார் கதவின் கைப்பிடி சுடும். அதனால் இருட்டோடு கிளம்பினோம். மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு தொடர்கிறது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். எங்கள் வண்டி டி.என். 40. மலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே பவானி ஆறும் சில கிலோமீட்டரும்தான், ஆனாலும் நீலகிரிப் பதிவான டி.என். 43 இல்லாத வண்டி வெளியூர் வண்டிதான். கல்லாறு சோதனைச் சாவடியில் பாஸைக் காட்டி, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை என்று டிக்கியையும் திறந்து காட்டிவிட்டு ஏறினோம். இந்தச் சோதனையில் எனக்கு வருத்தமே இல்லை. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி போக வேண்டும்.

சீசனில் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். எங்களுக்கும் அது வசதியாக அமைந்தது. பர்லியாறில் ஒரு தேநீர். அங்கே பாக்குத்தோப்பின் ஈரக் காற்று முகத்தில் படும்போது கீழே விட்டுவந்த வெப்பம் உண்மையில் எவ்வளவு என்பது தெரியும். குன்னூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லியும் உளுந்து வடையும் சாப்பிட்டோம். சட்னியைவிட அந்தக் காலைக் குளிர்தான் பசியைத் தூண்டியது.

முதலில் பார்த்தது முத்தோரை பாலாடாவில் இருக்கும் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம். ஊட்டியிலிருந்து எமரால்டு போகும் வழியில் பத்துப் பதினோரு கிலோமீட்டர். வார நாளில் போக வேண்டும், காலை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில் அந்த நேரமே வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இங்கே வாசலில் எங்கள் வண்டி மட்டும்தான். நீலகிரியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிற எவரும் முதல் நாள் முதல் வேலையாக இங்கே வர வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று இந்த மாவட்டத்தில் வாழும் ஆறு பழங்குடியினரின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரியாமலேயே நம்மில் பலர் வருடா வருடம் இங்கே வந்து போகிறோம்.

கட்டடத்துக்கு வெளியே மாதிரி வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தோடர் வீட்டின் முன்னால் அத்தை வெகு நேரம் நின்றார். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்த அரைவட்டக் கூரை தரைவரை இறங்குகிறது. வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது, குனிந்து தவழ்ந்துதான் போக முடியும். மூங்கில் எங்கெங்கே பிரம்புக் கட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று அத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். “கட்டுக்குக் கட்டு இடைவெளி ஒரே அளவு, பார்த்தாயா கண்ணு?” என்றார். வீட்டின் அழகு அவருக்கு அங்கேதான் இருந்தது, எனக்கும் அப்படித்தான் பட்டது. அளவு தவறாமல் திரும்பத் திரும்பச் செய்வதில் ஒரு அழகு பிறக்கிறது. தறிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளே கூடைகள், மீன் பிடிக்கும் பொறிகள், ஊதுகருவிகள், பழைய புகைப்படங்கள், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பொருட்களும்கூட. ஒவ்வொன்றாகச் சொல்லப் போவதில்லை. அந்த அறைகளில் நடக்கும்போது எனக்கு ஒரு படம் தெளிவாயிற்று. இந்த மலையில் யாரும் எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டதில்லை. தோடர் எருமை மேய்த்தார்கள், பாலும் நெய்யும் அவர்களிடமிருந்து வந்தன. கோத்தர்தான் மலையின் கைவினைஞர்கள்: இரும்படித்தார்கள், மர வேலை செய்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் பானை வனைந்தார்கள், சாவுக்கும் விழாவுக்கும் அவர்களுடைய ‘கொல்’ என்ற ஊதுகுழலும் பறையும் வேண்டும். படகர் தானியம் விளைவித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள். பணம் புழங்காமலேயே இவ்வளவும் கை மாறியது.

அப்போதுதான் தோடர் போர்வை இருந்த இடத்துக்கு வந்தோம். பூத்துக்குளி. இரண்டு அடுக்காக மடித்த பருத்தித் துணி, ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக நெய்த பட்டைகள், பட்டைகளுக்கு நடுவே ஊசி வேலை. அத்தை கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு நெருங்கினார்.

“துணியை யார் நெய்தது?” என்று கேட்டார்.

தோடர் நெய்வதில்லை, தறி அவர்களிடம் இருந்ததே இல்லை. துணி சமவெளியிலிருந்துதான் மேலே வந்தது. அந்தப் போர்வையின் துணியை எந்த ஊரில், யார் நெய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நம்மைப் போன்ற யாரோ ஒருவர்தான் அத்தை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் போர்வையை வேறு மாதிரி பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. நானும்தான். வியாபாரி என் மேசையில் வைத்த கேள்விக்கு அந்த இடத்தில் ஒரு புதிய பக்கம் திறந்தது.

மதியச் சாப்பாடு ஓட்டலில் இல்லை. சேலத்தில் என்னோடு கைத்தறித் தொழில்நுட்பம் படித்த தோழி ஒருத்தி படகர் வீட்டுப் பெண். பாலாடாவை ஒட்டிய ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், இருக்கிறாள். போகும் வழியெல்லாம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட்டும் பீட்ரூட்டும் முட்டைகோசும். ஓடைக்குப் பக்கத்தில் கேரட் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மூட்டை மூட்டையாகக் கொட்டி, மண் போகச் சுழற்றி, பளபளவென்று மறுபக்கம் தள்ளியது. எங்கள் ஊர்ச் சந்தையில் நாங்கள் வாங்கும் கேரட் அப்படித்தான் குளித்துவிட்டு மலை இறங்குகிறது.

வெயில் அங்கேயும் கடுமையாகவே இருந்தது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். 1951-க்குப் பிறகு அவ்வளவு வெப்பம் வந்ததில்லை என்றார்கள். தோழியின் வீட்டில் மின்விசிறி மாட்டக் கூரையில் கொக்கிகூட இல்லை. “கட்டும்போது யார் நினைத்தார்கள்?” என்றாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஊட்டியில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வறுக்கியும் சாக்லேட்டும் தவிர வேறு பதில் கிடைப்பதில்லை. படகர் சமையல் கடைகளில் கிடைப்பது மிகக் குறைவு. முதலில் ஹிட்டு, அதாவது ராகிக் களி. எங்கள் வீட்டுக் களியைவிட இறுக்கமாக, கையில் ஒட்டாமல் உருண்டு வந்தது. நடுவில் பள்ளம் செய்து நெய் விட்டார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள அவரை உதக்க. காய்ந்த அவரையை ஊறவைத்து வேகவைத்து, உருளைக்கிழங்கு சேர்த்து, வீட்டிலேயே வறுத்து அரைத்த மசாலாப் பொடியும் பூண்டும் போட்டுக் கெட்டியாகக் கொதிக்கவிடுகிறார்கள். அவரை முழுதாக இருந்தது, நாக்கில் வைத்ததும் மாவாகக் கரைந்தது. புளி இல்லை. புளி இல்லாமல் ஒரு குழம்பு இவ்வளவு நிறைவாக இருக்க முடியும் என்பதை அத்தை நம்ப மறுத்து, மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டு பொடியில் என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோழியின் மாமியார் மல்லி, மிளகாய், சீரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அளவு கேட்டபோது உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசியில் போத்திட்டு. கோதுமை மாவில் இனிப்புச் சேர்த்துக் கரைத்துத் தடியாக ஊற்றும் ஒரு பணியாரம். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சு. திருவிழாவுக்கும் விருந்தாளிக்கும் செய்வார்களாம். தம்பி எத்தனை சாப்பிட்டான் என்று எண்ணாமல் இருப்பதே மரியாதை என்று அந்தப் பாட்டி சொல்லி, இன்னொன்றை வைத்தார். கிளம்பும்போது மலைப்பூண்டு ஒரு கட்டு கொடுத்தார்கள். நான் கொண்டுபோன துண்டுகளைக் கொடுத்தேன். காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்த கொடுக்கல் வாங்கல் அந்தத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது.

பிற்பகலில் ஊட்டி மைசூர் சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். சிறியது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அங்கே நின்றபோது என் மனம் முழுக்கச் சென்னை எழும்பூரில்தான் இருந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நீலகிரியின் பழைய ஈமக் கல்வட்டங்களிலிருந்து எடுத்த மண்பாண்டங்கள் இருக்கின்றன. உயரமான, அடுக்கடுக்காக வளையம் வைத்தது போன்ற சாடிகள். அவற்றின் மூடிகளின் உச்சியில் சிறு சிறு சுடுமண் உருவங்கள். எருமை, குதிரை, சிறுத்தை, ஆண், பெண். எருமைகள்தான் அதிகம். சிலவற்றின் கழுத்தில் மணிகூட உண்டு. விரல் நீளமே உள்ள எருமையின் கொம்பை ஒரே இழுப்பில் வளைத்துவிட்ட அந்தக் கையை நான் மறக்கவே மாட்டேன். யார் செய்தது, இன்றைய எந்த இனத்தாரின் முன்னோர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அவற்றில் பெரும் பங்கை எடுத்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், நீலகிரியின் முதல் கமிஷனர். 1870-களின் தொடக்கத்தில் கல்வட்டங்களைத் தோண்டினார், 1872-இல் இறந்தார். அவருடைய ஆய்வு மறு ஆண்டு நூலாக வந்தது. அவர் பெயரில் ஊட்டியில் பள்ளி இருக்கிறது, நாங்கள் அதைக் கடந்துதான் போனோம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நீலகிரிப் பாண்டங்கள் இருக்கின்றன. ஆக, இந்த மலையில் பிறந்த மிகப் பழைய சிற்பக் கலையைப் பார்க்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கி, மே மாத வெயிலில் எழும்பூர் போக வேண்டும், இல்லையென்றால் கப்பலோ விமானமோ ஏற வேண்டும். எனக்கு இது மனதை அறுக்கிறது. எழும்பூரில் பாதுகாப்பாக இருப்பதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அவற்றில் ஒரு பத்துப் பாண்டங்களையாவது ஊட்டிக்குக் கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில், நல்ல தமிழ் விளக்கத்தோடு வைக்க வேண்டும். பாலாடாவிலும் கோத்தகிரியிலும் படிக்கும் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அந்த எருமைகளைப் பார்க்க வேண்டும். ஏரியில் படகு ஓட்டுவதைவிட அது அவர்களுக்கு நெருக்கமானது.

அங்கிருந்து சேரிங் கிராஸ் பக்கம், தோடர் பெண்கள் தைத்தவற்றை விற்கும் ஒரு சிறிய அறை. நாள் முழுவதும் நான் காத்திருந்தது இதற்குத்தான். அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாக முறுக்கிய கூந்தல் தோளில் விழுந்திருந்தது. அத்தை அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், நாற்காலி இருந்தும் கீழேதான் உட்கார்ந்தார். “அம்மணி, நீங்கள் தைப்பதை நான் பார்க்கலாமா?” என்று கேட்டார். அந்த அம்மா துணியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

துணியைச் சட்டத்தில் மாட்டுவதில்லை. மேலே பென்சில் கோடு கிடையாது, பார்த்துப் போட மாதிரித் தாளும் கிடையாது. துணியின் பின்பக்கத்திலிருந்து தைக்கிறார்கள். இடது கை விரல் நுனி இழைகளைத் தடவி எண்ணிக்கொண்டே போகிறது, ஊசி அந்த எண்ணிக்கைக்கு நுழைகிறது. நூலை முழுக்க இறுக்குவதில்லை. ஒவ்வொரு தையலிலும் கொஞ்சம் தளர்த்தி விடுகிறார்கள். அந்தத் தளர்வுதான் மறுபக்கம் மேடாக எழும்பி நிற்கிறது. நாம் முன்பக்கம் என்று நினைக்கும் வழவழப்பான பக்கத்தைவிட, சொரசொரப்பான மறுபக்கத்தையே தோடர் வெளியே தெரியும்படி அணிகிறார்கள். எருமைக் கொம்பு, மலை முகடு, தேன்கூடு, பாம்பு, பட்டாம்பூச்சி என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் உண்டு. இறந்தவரைப் போர்த்தி அனுப்பும் துணியும் இதுதான், அதற்கு மிகச் சிறந்த வேலைப்பாட்டையே எடுத்து வைத்திருப்பார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது தையல் இல்லை கண்ணு. ஊசியால் ஊடை போடுகிறார்கள்.” தறியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு, அதன் குறுக்கே போவது ஊடை.

எனக்குத் தேவையான பதில் அந்த ஒரு வரியில் இருந்தது. ஜக்கார்டில் நான் இதே கொம்பைக் கொண்டுவரலாம், கட்டத்தில் நிரப்ப ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் என் கொம்பு பட்டில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். முதல் கொம்பும் ஆயிரமாவது கொம்பும் ஒன்றேயாக இருக்கும். பின்பக்கம் அறுத்து எறியும் நூல்தான் மிஞ்சும். அவருடைய துணியில் பின்பக்கமே உயிர்ப்பக்கம். அது மட்டுமில்லை. தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கமும் கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளையும் அரசுக் கைவினை நிறுவனமான பூம்புகாரும் சேர்ந்து விண்ணப்பித்து வாங்கியது அது. நகல்கள் சந்தையை நிறைத்ததால்தான் அதற்கான தேவையே வந்தது. எங்கள் தறியிலிருந்து அந்த நகல் கூட்டத்தில் இன்னொன்று சேரக் கூடாது. இதை அங்கேயே, அந்த அம்மாவின் பக்கத்திலேயே முடிவு செய்தேன்.

பிறகு பேச்சு துணியைப் பற்றித் திரும்பியது. அவரே குறையாகச் சொன்னார்: “முன்பு வந்த துணி முரடாக இருக்கும், இழை கண்ணுக்குத் தெரியும். இப்போது நெருக்கமாக நெய்து அனுப்புகிறார்கள். எண்ணினால் கண் வலிக்கிறது. கொம்பு வேறு ஒரு பக்கம் நீண்டுவிடுகிறது.” பையிலிருந்து இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அங்குலத்துக்குப் பாவு 52 இழை, ஊடை 40. எண்ணித் தைக்கிற வேலைக்கு இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சதுரமாக வர வேண்டியது செவ்வகமாகிவிடும். நெய்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்தத் துணி எதற்குப் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு சால்வை வாங்கினேன். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து அங்கே பேரம் பேசாதீர்கள். ஒரு சால்வையின் ஓரத்தை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரிசை தைப்பதைப் பார்த்தால், கேட்கிற விலை குறைவு என்று நீங்களே சொல்வீர்கள்.

தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டிக் கோத்தகிரிப் பாதையில் திரும்பியதும் தேயிலைத் தோட்டங்களின் மேல் சாய்ந்த வெயில். கோத்தகிரி கடைவீதியில் விறகு அடுப்பில் சுட்ட வறுக்கி வாங்கினோம். சுடச்சுட இருக்கும்போது தேநீரில் அரைப் பாதியை மட்டும் நனைத்துச் சாப்பிட வேண்டும், முழுதும் நனைந்தால் அடுக்குகள் போய்விடும். கன்னேரிமுக்கில் சல்லிவன் நினைவகம் மூடும் நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா. உள்ளே மலையின் பழைய படங்கள். வேகமாக ஒரு சுற்று வந்தோம். மதியம் உதக்கவில் சாப்பிட்ட உருளைக்கிழங்கு இந்த மலையில் வேரூன்றியதில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு என்று தம்பியிடம் சொன்னேன்.

கடைவீதியில் ஒரு கடைச் சுவரில் குறும்பர் ஓவியம் மாட்டியிருந்தது. பாறை முகட்டிலிருந்து கொடி ஏணியில் தொங்கி ஒருவர் தேன் எடுக்கிறார், கீழே சுற்றி நின்று ஆடுகிறார்கள். கோடு கோடாக மனிதர்கள். முகத்தில் கண் மூக்கு எதுவும் இல்லாமலேயே யார் பயப்படுகிறார், யார் களிக்கிறார் என்று தெரிகிறது. வேங்கை மரத்துப் பாலில் பழுப்பு, கரிமரப் பட்டையில் கறுப்பு, இலைச் சாற்றில் பச்சை, மண்ணில் மஞ்சள் என்று நிறங்களைக் காட்டிலிருந்தே எடுக்கிற மரபு அது. கோத்தகிரிக்குப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையின் ஓவியர் கிருஷ்ணன் அதைத் தாளிலும் துணியிலும் கொண்டுவந்து வெளியுலகுக்குத் தெரியவைத்தவர். கரிக்கியூர் பக்கம் பொறிவரையில் பழங்கால ஓவியங்கள் நிறைந்த பாறையே இருக்கிறது. அதைப் பார்க்க யாரையும் நான் கிளப்பிவிட மாட்டேன். போனவர்கள் பெயர் கீறி வைத்துவிட்டு வந்த கதை போதும். வனத்துறை அனுமதியோடு, தெரிந்தவர் துணையோடு போகிறவர்கள் போகட்டும்.

இறங்கும்போது குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ வாசம் காருக்குள் வந்தது. பழம் பழுக்கும் இந்த மாதங்களில் யானைகள் அந்தச் சாலைக்கு வரும். அதனால் தம்பி மெதுவாகவே ஓட்டினான். வளைவுக்கு வளைவு வெப்பம் ஏறியது. ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு அத்தை சால்வையை மடியில் விரித்தார்.

“அந்த அம்மணிக்கு நாம் துணி நெய்து கொடுத்தால் என்ன?” என்றார்.

எனக்குள்ளும் மதியத்திலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வியாபாரிக்கு மறுநாளே போன் செய்து பார்டர் போட்டுத்தர முடியாது என்று சொன்னேன். உண்மையான வேலைப்பாடு வேண்டுமென்றால் யாரிடம் வாங்க வேண்டும் என்றும் சொன்னேன், யோசிக்கிறேன் என்றார். தோழி மூலம் அந்த அம்மாவோடு பேசியாயிற்று. மாதிரிக்கு இரண்டு மீட்டர் போதும் என்றார். அத்தை தேர்ந்தெடுத்தது 20-ஆம் நம்பர் இரட்டை இழை, வெளுக்காத பருத்தி. அங்குலத்துக்குப் பாவும் 36, ஊடையும் 36. சிவப்புப் பட்டை, ஆறு அங்குலம் விட்டுக் கறுப்புப் பட்டை. பட்டு ஓடிக்கொண்டிருந்த தறியில், பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சையும் விழுதையும் இதற்காக மாற்ற வேண்டியிருந்தது. ஊடையை ஒரே சீராக விழவைப்பதுதான் கடினமாக இருக்கிறது. கை தட்டும் வேகம் கொஞ்சம் மாறினாலும் 36 என்பது 38 ஆகிவிடுகிறது. அத்தை தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கண்ணாடியை வைத்து விரற்கடைக்கு ஒருமுறை எண்ணுகிறார். மழை தொடங்கி, சீசன் கூட்டம் குறைந்ததும் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர் ஒரு வரிசை தைத்துப் பார்த்து, இன்னும் தளர்வாக வேண்டும் என்றால் 32-க்கு அச்சு மாற்றுவோம்.